2017 மாடல் மட்டும் வேண்டாம்

ஜனவரி 20, சனி

நிரு நேற்று மூன்றாவது முறையாக ஸ்கூட்டரிலிருந்து விழுந்து, முழங்கையில் கட்டோடு வந்து நின்றாள். கொல்லிமலையில் மாட்டு டாக்டர் வேலை. திங்கள் காலை மலையேறினால் வெள்ளி மாலைதான் சேலத்துக்கு இறங்குவாள். மலைக்கு மேலே ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவில் கிடப்பதைச் சாலை என்று எழுதிவைத்தவன் அதில் ஒருநாளாவது போயிருக்க மாட்டான். "அம்மா, பழசா இருந்தாலும் பரவால்ல, ஒரு மொராண்டா காரு பாத்து வாங்கிடலாம்" என்றாள். பெரிய சக்கரம், கல்லில் இடிக்காத உயரம், பின்னால் தடுப்பூசிப் பெட்டி வைக்க இடம். கேட்டதில் தப்பில்லை.

கேட்ட ஆளும் சரியான ஆள். சேலத்தில் மொராண்டாவைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவர் யாராவது இருந்தால் வரட்டும், பார்க்கலாம். ஷோரூமின் வாரண்டி பிரிவில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்து எழுந்தவள் நான். வண்டியில் கோளாறு என்று வாடிக்கையாளர் எழுதிக் கொடுப்பதைக் கம்பெனிக்கு அனுப்புவதும், கம்பெனி சொல்வதைத் தமிழில் கடிதமாக எழுதி அவருக்கு அனுப்புவதும் என் வேலை. "வனஜா மேடம் லெட்டர் போட்டா அந்த ஆளு மறுபடி படியேற மாட்டான்" என்று மேனேஜர் நாலு பேர் முன்னால் சொல்வார். சிறந்த வாரண்டி பிரிவுக்கான கேடயம் தொடர்ந்து நாலு வருடம் எங்களுக்குத்தான். ஓய்வு பெற்றபோது நாலையும் என்னிடமே கொடுத்துவிட்டார்கள். ஷோகேசில் இருக்கின்றன. இன்று தூசி தட்டினேன்.

நிருவுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். 2014: ஏசி ஓடும், குளிராது. 2015: கியர் பெட்டி முனகும், ஆனால் காலை வாராது. 2016, 2017: தொடவே கூடாது. 2018 மார்ச்சுக்குப் பிறகு தயாரானது: கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

"பதினாறு, பதினேழுல என்னம்மா பிரச்சனை?"

"வேண்டாம்னா வேண்டாம்."

"அதென்ன மார்ச்? அவ்வளவு கரெக்டா?"

அடுப்பில் பால் இருந்தது. எழுந்து போய்விட்டேன்.

ஜனவரி 21, ஞாயிறு

தங்கை கிரிஜாவும் அவள் வீட்டுக்காரர் மோகனசுந்தரமும் வந்திருந்தார்கள். மோகனசுந்தரத்துக்கு அம்மாபேட்டையில் திரைச்சீலைக் கடை. ஜன்னலுக்குத் திரை விற்கிற மனிதருக்கு இந்த உலகத்தில் தெரியாத விஷயம் ஒன்றுகூடக் கிடையாது. நிரு வண்டி தேடுகிறாள் என்று நேற்று போனில் காதில் விழுந்ததும் அவருக்கும் வண்டி ஆசை வந்துவிட்டது. அதுவும் அதே மொராண்டாதான் வேண்டுமாம்.

"2016, 17 மட்டும் வேண்டாம் தம்பி" என்றேன்.

"ஏனுங்க அண்ணி, நீங்க ஆபீஸ்ல உக்காந்து பேப்பர் புரட்டுனவங்க. வண்டிங்கறது கைய வெச்சுப் பாக்கறவனுக்குத்தான் தெரியும். இதப் பாருங்க" என்று செல்போனை நீட்டினார். ஒரு பையன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பானெட்டைத் திறந்தான். "எஞ்சின் செம பவர்ஃபுல் மக்களே" என்றான். மூடிவிட்டான். அவ்வளவுதான் ஆராய்ச்சி. இதை ஆறு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்களாம். ஆறு லட்சம் பேருக்கும் வேறு வேலை இல்லை என்பதுதான் எனக்குப் புரிந்தது.

மோகனசுந்தரத்தின் விதிகள் இரண்டு. ஒன்று, வண்டி 2018க்கு முந்தியதாக இருக்கக்கூடாது. இரண்டு, நம்பரைக் கூட்டினால் எட்டு வரக்கூடாது. எட்டு சனியாம். இன்றைக்கே ஒருத்தர் காலைத் தொட்டுக் கும்பிடாத குறையாக 2019 மாடல் கொடுக்க வந்திருக்கிறார், கூட்டினால் எட்டு, வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டாராம். பெருமையாகச் சொல்கிறார். பிரேக்கைப் பார்க்காமல் நம்பர் பிளேட்டை நம்பி மலையேறுகிற ஜனங்களுக்கு நான் என்ன சொல்ல? காபி கொடுத்து அனுப்பினேன்.

ஜனவரி 24, புதன்

சிலிண்டர் வந்தது. ஒரு வாரத்து இட்லி மாவு புளித்துவிட்டது.

ஜனவரி 26, வெள்ளி

நிருவுக்கு விடுமுறை. புறவழிச்சாலையில் ஒரு புரோக்கரின் இடத்துக்குப் போனோம். வெள்ளைச் சட்டை, வாய் நிறையச் சிரிப்பு. ஒரு 2019 மொராண்டாவைத் தட்டிக் கொடுத்து, "டாக்டர் வண்டிங்க மேடம். லேடி டாக்டர். கோயிலுக்கு மட்டும்தான் எடுப்பாங்க" என்றார். இந்த ஊரில் விற்பனைக்கு வருகிற எல்லா வண்டியும் டாக்டர் வண்டிதான். பிறகு டாக்டர்கள் எல்லாம் எதில்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்?

கிளட்ச் பெடலின் ரப்பரைத் தடவிப் பார்த்தேன். கோடே இல்லை, வழுவழுவென்று தேய்ந்திருந்தது. "கோயில் எங்கே இருக்கு? காசியிலயா?" என்றேன். சிரிப்பு நின்றது. சீட் பெல்ட்டை முழுக்க இழுத்து, அடியில் தைத்திருந்த சின்னத் துணியில் வருடத்தைப் படித்தேன். 2015. அதாவது வண்டி 2015, காகிதம் 2019. பெல்ட்டை விட்டேன், சட்டென்று உள்ளே போனது. புரோக்கரும் உள்ளே போய்விட்டார்.

வரும் வழியில் நிருவுக்குச் சொன்னேன். சேஸ் நம்பரில் பத்தாவது எழுத்துதான் வண்டி பிறந்த வருடம், ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் தேதி அது பதிவான தேதி மட்டும். பதினேழில் தயாராகிப் பதினெட்டில் பதிவானால் அது பதினேழுதான், பதினெட்டு ஆகிவிடாது. "ஃபைல் இல்லாத வண்டியைத் திரும்பிக்கூடப் பாக்காதே. ஃபைல் இருந்தா முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரைக்கும் படி. ஒண்ணையும் விடாதே."

"நீ பெரிய ஆளுதாம்மா" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஜனவரி 29, திங்கள்

மோகனசுந்தரம் வாங்கிவிட்டார். வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்த அடியில் எதிர்வீட்டு நாய் ஓடிவிட்டது. சிவப்பு மொராண்டா. நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் ஏற்றிய கறை. கூட்டுத்தொகை ஒன்பது. "2018 மாடல் அண்ணி. ஜனவரி மாசம் ரிஜிஸ்டர் ஆனது. எப்பிடி?"

அவர் கிரிஜாவிடம் பாட்டு சத்தத்தைக் கூட்டிக் காட்டிக்கொண்டிருந்தபோது, முன் கண்ணாடியின் மூலையில் சேஸ் நம்பரைப் பார்த்தேன். பத்தாவது எழுத்து எச். பதினெட்டு என்றால் ஜே இருக்க வேண்டும். எச் என்றால் பதினேழு. கதவோரம் ஒட்டிய தாளில் மாதமும் இருந்தது. நவம்பர்.

ஒன்றும் சொல்லவில்லை. கையை வைத்துப் பார்க்கிறவருக்குத்தானே தெரியும்? வைத்துப் பார்க்கட்டும். பேப்பர் புரட்டினவளிடம் வந்து கேட்டால் சொல்லலாம்.

ஒரு ரவுண்டு போகலாம் என்று கிரிஜா கையைப் பிடித்து இழுத்தாள். முட்டி வலி என்றேன்.

ஜனவரி 31, புதன்

எல்லா 2017 வண்டியிலும் அது போவதில்லை. பதினொன்றில் ஒன்று என்று ஞாபகம். மீதிப் பத்து நன்றாகத்தான் ஓடுகின்றன. ரேஷனில் இன்று பருப்பு போட்டார்கள்.

பிப்ரவரி 4, ஞாயிறு

ராசிபுரத்தில் ஒரு மொராண்டா. 2018 என்று விளம்பரம். நிருவோடு பஸ்ஸில் போனேன். கோழித்தீவனக் கடை வைத்திருப்பவர், அறுபதைத் தாண்டிய ஆள், பெயர் செங்கோட்டுவேல். திருச்செங்கோட்டைச் சுற்றி இந்தப் பெயரில் ஆயிரம் பேர் இருப்பார்கள்.

வீட்டை ஒட்டிய கொட்டகையில் வண்டிக்குப் போர்வை போர்த்தி வைத்திருந்தார். குளிருமாம் போலிருக்கிறது. வண்டி துடைத்துத் துடைத்துப் பளபளவென்று இருந்தது. பானெட்டைத் திறந்தேன். பிரேக்குக்குப் போகிற ரப்பர் குழாய் புதிதாக இருந்தது. அதை வேறு வழியாகச் சுற்றிக் கொண்டுபோய் ஒரு சின்ன இரும்புப் பட்டையில் நிறுத்தியிருந்தார்கள். யாரோ யோசித்துச் செய்த வேலை. சேஸ் நம்பரில் எச்.

"இது பதினேழுங்க" என்றேன்.

"அப்பிடிங்களா? எனக்கு ஆர்.சி.ல இருக்கறதுதானுங்க தெரியும். நான் பொய் சொல்லலீங்க." அவர் முகம் சுருங்கிப்போனது. "நான் இப்ப ஓட்டறதில்லீங்க. விட்டு அஞ்சரை வருசமாச்சு. பையன் மாசத்துக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி வெப்பான்."

அவர் மனைவி பாவாயி மோர் கொண்டுவந்தார். காலை இழுத்து இழுத்து நடக்கிறார். இந்த வயதில் எல்லோருக்கும் முட்டிதான். வாரா வாரம் நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போகிறாராம், பஸ்ஸில். கொட்டகையில் காரைத் துடைத்து வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிற குடும்பத்தை இன்றுதான் பார்க்கிறேன்.

"உங்க பேரு என்னங்க?" என்று அந்த அம்மா கேட்டார். நிருவின் அம்மா என்று சொன்னேன். எல்லா அம்மாக்களும் அப்படித்தான் சொல்வார்கள்.

ஒரு தடிமனான நீல ஃபைலை எடுத்து நிருவிடம் கொடுத்தார் செங்கோட்டுவேல். "எல்லாத் தாளும் இருக்குதுங்க. வாங்குனதுல இருந்து ஒண்ணு விடாம வெச்சிருக்கறேன். எடுத்துட்டுப் போயிப் படிங்க." அவசரமில்லை, 2017 நமக்கு வேண்டாம் என்றேன். அதற்குள் அவள் பையில் வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 5, திங்கள்

நிரு மலைக்குப் போய்விட்டாள். ஃபைலை இங்கே வைத்துவிட்டுப் போ என்றேன். அங்கே சாயங்காலம் நேரம் போகாது, படிக்கிறேன் என்றாள்.

பிப்ரவரி 8, வியாழன்

தலைவலி. சீரியலில் மாமியாருக்குக் கடைசியில் எல்லாம் தெரிந்துவிட்டது. முன்னூறு நாள் அவள் அந்த வீட்டில் என்னதான் செய்துகொண்டிருந்தாள்?

பிப்ரவரி 11, ஞாயிறு

நிரு இந்த வாரம் வரவில்லை. கோமாரித் தடுப்பூசி முகாம் என்றாள். ஃபைல் படித்தாயா என்று கேட்கலாமா என்று நினைத்தேன், கேட்கவில்லை.

கிரிஜா போன் செய்தாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பேரனுக்குக் கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலில் மொட்டை போடுகிறார்களாம். மகனும் மருமகளும் பெங்களூரிலிருந்து வருகிறார்கள். எல்லோரும் அந்தச் சிவப்பு வண்டியில். எழுபது கொண்டை ஊசி வளைவு. "நீயும் வாக்கா. முன்னாடி சீட்டே உனக்குத்தான்."

முட்டி வலி என்றேன்.

"வண்டி சூப்பரா இருக்குக்கா. பிரேக்கு மட்டும் கொஞ்சம் கெட்டியா இருக்குதாம். கைமாறுன வண்டின்னா அப்பிடித்தான், பழகிரும்னு சொல்றாரு."

"ஒரு தடவை மெக்கானிக்கிட்ட காட்டச் சொல்லு" என்றேன். சொல்லிவிட்டேன். இதற்கு மேல் ஒருத்தி என்ன சொல்ல முடியும்? சொன்னால் மட்டும் அந்த மனிதர் கேட்டுவிடுவாரா? ஆறு லட்சம் பேர் பார்க்கிற பையனைக் கேட்பார்.

பிப்ரவரி 13, செவ்வாய்

ஏறும்போது ஒன்றும் ஆகாது. இறங்கும்போதுதான்.

பிப்ரவரி 16, வெள்ளி

நிரு வந்தாள். பையைக்கூடக் கழற்றவில்லை. ஃபைலைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, ஐந்து தாள்களை எடுத்து வரிசையாகப் பரப்பினாள்.

"ஒரு தாளையும் விடாதேன்னு நீதானே சொன்ன."

பார்க்காமலே தெரியும். ஆனாலும் பார்த்தேன். ஐந்திலும் அடியில் எஸ். வனஜா, வாரண்டி பிரிவு. ஒன்றை அவள் வாய்விட்டுப் படித்தாள். "தங்கள் வாகனத்தில் எவ்விதக் குறையும் காணப்படவில்லை. மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக்கின் மேல் ஓயாமல் கால் வைத்திருக்கும் தங்கள் பழக்கமே இதற்குக் காரணம். இனியேனும் கவனத்துடன் ஓட்டும்படி கேட்டுக்கொள்கிறோம்."

கம்பெனியிலிருந்து வந்தது 'குறை இல்லை' என்ற இரண்டு வார்த்தைதான். மீதி என் தமிழ். 'இனியேனும்' என்ற சொல்லுக்காக மேனேஜர் கை தட்டினார்.

"ரெண்டு லெட்டர் விபத்துக்கு முன்னாடி. பெடல் கெட்டியாவுது, பாருங்கன்னு ரெண்டு தடவை எழுதிக் கேட்டிருக்காரு. மூணாவது, விபத்துக்கு அப்பறம். கொல்லிமலைலதான். பிரேக் கல்லாட்டம் நின்னு போயி, கீழ விழக்கூடாதுன்னு மலைப்பக்கமா மோதி நிறுத்தியிருக்காரு. அந்தம்மாவுக்குத் தொடைல கம்பி." நிரு என்னைப் பார்த்தாள். "அஞ்சு தடவைல ஒரு தடவையாச்சும் யாராவது வண்டிய பாத்தாங்களாம்மா?"

பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்று கம்பெனியிலிருந்து சுற்றறிக்கை வந்திருந்தது. குழாய் ஒரு இரும்பு முனையில் உரசுகிறது, காற்று கசிந்தால் பெடல் இறுகிவிடும், 2018 மார்ச் முதல் தயாராகிற வண்டிகளில் வழியை மாற்றிவிட்டோம், பழைய வண்டிக்காரர்களிடம் இதைப் பேச வேண்டாம். ஒன்றரைப் பக்கம். அரை மணி நேர வேலை, ஒரு முழம் ரப்பர். அதைச் செய்துகொடுக்காமல் இருந்ததற்குத்தான் கேடயம். யார் குறைவாகக் கோரிக்கைகளை ஏற்கிறார்களோ அவர்கள்தான் சிறந்த வாரண்டி பிரிவு. இதை இந்த டைரியில் இன்றுதான் எழுதுகிறேன்.

"சித்தப்பா வண்டி எந்த வருஷம்?" என்றாள் நிரு.

ஷோகேசைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா. எந்த வருஷம்?"

"பதினேழு நவம்பர்."

"அவங்ககிட்ட சொன்னியா?"

"கேட்டா சொல்லியிருப்பேன். அவர் கேட்கலை."

"நான் கேட்டேனே" என்றாள். "மொத நாளே, இதே மேஜைல உக்காந்து கேட்டேன்."

பிப்ரவரி 17, சனி

மோகனசுந்தரத்துக்குப் போன் செய்தேன். வண்டி 2017, பிரேக்குக் குழாயைப் பார்க்க வேண்டும், நாளைக்குப் போகாதீர்கள் என்றேன்.

"அண்ணி, வயிறு எரியுதுன்னா நேராச் சொல்லிருங்களேன்" என்று சிரித்தார். "நிருவுக்கு இன்னும் வண்டி அமையலைன்னு உங்களுக்குக் கோவம். ஆர்.சி.ல 2018ன்னு அச்சடிச்சிருக்குதுங்க. கவர்மெண்டு பொய்யி, நீங்க நெசமா?" வைத்துவிட்டார். திரைச்சீலை மூளை.

"முழுசா சொன்னியா? உனக்கு எப்பிடித் தெரியும்னு சொன்னியா?" என்று நிரு கேட்டாள்.

சொல்லவில்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

காலை ஐந்தரைக்கே ஆட்டோவில் அம்மாபேட்டை போனோம். வண்டிக்கு மாலை போட்டு, பின்னால் பூஜைக்கூடையும் தண்ணீர்க் கேனும் ஏற்றிவிட்டார்கள். மருமகள் பிளாஸ்கைத் தேடிக்கொண்டிருந்தாள். கிரிஜா இடுப்பில் பேரன், பட்டு வேட்டி. "அக்கா, வந்துட்டியா! முட்டி வலி சரியாயிருச்சா?" என்று சிரித்த முகமாக ஓடிவந்தாள்.

"பானெட்டைத் திறங்க தம்பி" என்றேன்.

"நல்ல நேரம் பாத்துக் கெளம்பற எடத்துல இதென்னங்க அண்ணி..."

வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். தெருவில் பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டார். இருபத்திரண்டு வருடம் எத்தனை வாக்கியம் எழுதியிருப்பேன், அப்போது ஒன்றுகூட ஒழுங்காக வாயில் வரவில்லை. திக்கித் திக்கிச் சொன்னேன். "இதுல ஒரு குழாய் உரசும். உரசி ஓட்டையானா இறங்கும்போது பிரேக் பிடிக்காது. எனக்கு இது வேலையில இருந்தப்பவே தெரியும். தெரிஞ்சுக்கிட்டே, உங்க ஓட்டுறதுதான் தப்புன்னு ஜனங்களுக்கு லெட்டர் எழுதினவ நான்தான். அதுல ஒருத்தர் சம்சாரம் இன்னிக்கும் காலை இழுத்துக்கிட்டு நடக்கறாங்க."

மோகனசுந்தரம் கையிலிருந்த சாவியை மகனிடம் நீட்டினார். அவர் மகன்தான் பானெட்டைத் திறந்தான். கையை உள்ளே விட்டு, இரும்பு முனைக்கு அடியில் தடவினேன். ரப்பர் தேய்ந்து உள்ளே இருந்த நூல் வெளியே தெரிந்தது. நகத்தை வைத்து அழுத்தினேன், உள்ளே போய்விட்டது. மோகனசுந்தரம் குனிந்து அதே இடத்தில் தன் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். எனக்குப் பதில் சொல்லத் தெரியும்.

கிரிஜா குழந்தையை மருமகளிடம் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்தாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

"ஏக்கா, முட்டி வலி, நான் வரலைன்னு சொன்னியே. நெசமாவே முட்டி வலியா?"

பிப்ரவரி 21, புதன்

கிரிஜா போன் எடுக்கவில்லை. மூன்று நாளாகிறது. எடுத்தால் என்ன சொல்வேன் என்று எனக்கும் தெரியவில்லை. குழாயை மாற்றிவிட்டார்கள் என்று மருமகள் நிருவுக்குச் சொன்னாளாம். அரை மணி நேரம் ஆனதாம்.

கேடயங்களைக் கோணியில் கட்டிப் பரணில் போட்டேன். ஷோகேசில் நாலு வட்டமாகத் தூசி இல்லாத இடம். நான் சாமர்த்தியசாலி என்று ஊரையெல்லாம் இளக்காரமாகப் பார்த்துக்கொண்டு திரிந்தேன். எட்டுக்குப் பயந்த மோகனசுந்தரம் என்னைவிட எவ்வளவோ மேல். அவர் தெரியாமல் ஏற்றினார், நான் தெரிந்து அனுப்பப் பார்த்தேன்.

அந்தக் குழாய்க்காக நாற்பத்தொரு பேருக்குக் கடிதம் போட்டிருக்கிறேன். உட்கார்ந்து யோசித்ததில் பதினேழு பெயர் ஞாபகம் வந்தது. எழுதி வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 25, ஞாயிறு

ராசிபுரம் போனோம். இந்த முறை வாசலிலேயே பெயரைச் சொன்னேன். "நான் எஸ். வனஜா. வாரண்டி பிரிவு."

செங்கோட்டுவேல் நாற்காலியை இழுத்துப் போட்டார். "வாங்க, உக்காருங்க" என்றார். எனக்கு அந்த மரியாதை நாராசமாக இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். சுற்றறிக்கை, மார்ச் மாதம், என் தமிழ், எல்லாம். பாவாயி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டார்.

மன்னித்துவிடுங்கள் என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் எனக்கு வேண்டாங்க. எழுதிக் குடுங்க. அதே கையெழுத்துல."

தாளும் பேனாவும் கொண்டுவந்து வைத்தார். எழுதினேன். அவர் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"'குறை இருந்திருக்கலாம்'னு போட்டிருக்கீங்க. இருந்திருக்கலாமுங்களா?"

கை பழகிய பழக்கம். கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். 'தங்கள் வாகனத்தில் குறை இருந்தது. எங்களுக்குத் தெரியும். ஓட்டியவர் மேல் எந்தத் தப்பும் இல்லை.' கையெழுத்துப் போட்டேன். என் வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே சின்னக் கடிதம் அதுதான்.

அவர் அதை ஃபைலில் வைக்கவில்லை. எழுந்து போய்ப் பாவாயியிடம் கொடுத்தார். அந்த அம்மா உதடு அசைய அசையப் படித்தார். திரும்பவும் படித்தார்.

"நீங்க ஓயாம பிரேக்க மிதிச்சதாலதான்னு ஊரெல்லாஞ் சொன்னேனுங்களே" என்றார் அவரிடம். "பையன்கிட்டயும் சொன்னேன். உங்ககூட வண்டியில ஏற மாட்டேன்னு பஸ்ஸுக்கு நின்னேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "இத அப்பவே போட்டிருக்கக் கூடாதாம்மா?"

அழுகை வந்தது. அதை அங்கே வைத்து அழ எனக்கு யோக்கியதை இல்லை என்று அடக்கிக்கொண்டேன்.

செங்கோட்டுவேல் தாளை வாங்கி, ஓட்டை போடுகிற மெஷினில் வைத்து அழுத்தி, நிரு திருப்பிக் கொடுத்த நீல ஃபைலில் ஐந்து கடிதங்களுக்கும் மேலே கோத்தார். நாடாவை இறுக்கிக் கட்டினார்.

"தப்பா நெனச்சுக்காதம்மிணி" என்றார் நிருவிடம். "வண்டிய இனி விக்கறதா இல்ல."

"வெள்ளிக்கெழம ஆஸ்பத்திரிக்குப் போவணும்" என்றார் பாவாயி, அவரைப் பார்க்காமல். "பையன் வேண்டாம். நீங்களே ஓட்டுங்க."

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் நிரு உட்கார்ந்தாள். நாளைக்கு இரண்டாவது பெயர், ஆத்தூர்க்காரர், முகவரி கண்டுபிடிக்க வேண்டும் என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்கு இன்னும் வண்டி அமையவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மல்லூர் தாண்டியதும் அவள் பையிலிருந்து நான் முதல் நாள் எழுதிக் கொடுத்த தாளை எடுத்தாள். நாலாக மடித்து வைத்திருந்தாள்.

"2015ல கியர் பெட்டி முனகும்னு எழுதியிருக்கியே. ஏன்?" என்றாள்.

கொண்டலாம்பட்டி வரும்வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தேன்.